பழைய புல்லட்டுக்கு எந்தப் பெட்ரோல்?

உங்கள் வீட்டில் பாட்டனார் காலத்துப் புல்லட் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். பெட்ரோல் நிலையத்தில் சாதாரணப் பெட்ரோல் ஒரு விலைக்கும், ஆக்டேன் எண் கூடிய உயர்ரகப் பெட்ரோல் அதைவிட அதிக விலைக்கும் விற்கிறார்கள். "வயதான வண்டி, நல்லதாகவே போடுவோம்" என்று மனம் சொல்கிறது, நோயாளிக்குச் சத்துணவு கொடுப்பதைப் போல! ஆனால் ஆக்டேன் எண் சத்தின் அளவு அன்று. பெட்ரோல் எவ்வளவு பொறுமையுடையது என்பதன் அளவு அது.

பொறுமை என்கிறோமே, எதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்? சிலிண்டருக்குள் பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்த கலவையைப் பிஸ்டன் அமுக்குகிறது. ஸ்பார்க் பிளக்கில் பொறி தோன்றியதும் தீ அங்கிருந்து படிப்படியாகப் பரவ வேண்டும். தீ பரவும்போது, இன்னும் எரியாமல் மூலையில் கிடக்கும் கலவை மேலும் நெருக்கப்பட்டுச் சூடாகிறது. தீ வந்து தொடுமுன்பே அது தானாகப் பற்றிக்கொண்டால், அழுத்த அலைகள் சிலிண்டர்ச் சுவரில் மோதுகின்றன. மேட்டில் டாப் கியரிலேயே ஏறும்போது சுத்தியால் தட்டுவதுபோல் கேட்கும் ஒலி அதுதான். மெக்கானிக்குகள் இதை 'நாக்கிங்' என்பார்கள். இந்தத் தட்டல் நீடித்தால் பிஸ்டனின் தலையே ஓட்டையாகிவிடும்.

தட்டலுக்குக் காரணம் எரிபொருளா, எந்திரமா என்பது முதல் உலகப்போர்க் காலம் வரை தெளிவாகவில்லை. மின்பொறி அமைப்பின் மீது பழி போட்டவர்கள் பலர். இங்கிலாந்தில் ஹாரி ரிக்கார்டோ என்ற பொறியியலறிஞர், ஓடிக்கொண்டிருக்கும்போதே அமுக்க விகிதத்தை மாற்றக்கூடிய சோதனை என்ஜின் ஒன்றை உருவாக்கினார். கலவை எத்தனை மடங்கு அமுக்கப்படுகிறது என்பதே அமுக்க விகிதம். ஒவ்வோர் எரிபொருளும் ஒரு குறிப்பிட்ட விகிதம் வரைதான் தட்டாமல் தாங்கும் என்பது அவருடைய சோதனைகளில் தெரிந்தது. ட்ரையம்ஃப் நிறுவனத்துக்காக 1920களின் தொடக்கத்தில் நான்கு வால்வு மோட்டார் சைக்கிள் என்ஜினை வடிவமைத்தவரும் இவரே.

அமெரிக்காவில் இதே சிக்கலை எடுத்துக்கொண்டவர்கள் சார்லஸ் கெட்டரிங்கும் அவருடைய உதவியாளர் தாமஸ் மிட்ஜ்லியும். எரிபொருள் சிவப்பாக இருந்தால் வெப்பத்தை விரைவில் ஏற்று நன்கு ஆவியாகும் என்று அவர்கள் கருதினார்கள். 1916ல் மண்ணெண்ணெயைச் சிவப்பாக்கச் சாயம் தேடியபோது கைக்குக் கிடைத்தது அயோடின்தான். அதைக் கலந்ததும் தட்டல் நின்றுவிட்டது. பிறகு வேறு சிவப்புச் சாயங்களைக் கலந்து பார்த்தார்கள், பயனில்லை. நிறத்துக்கும் தட்டலுக்கும் தொடர்பே இல்லை! தவறான கருத்து சரியான கதவைத் திறந்துவிட்டது; விஞ்ஞானத்தில் இது புதிதன்று.

பல பொருள்களைச் சோதித்தபின், 1921 டிசம்பர் 9ஆம் நாள் டெட்ரா எதில் ஈயத்தை மிட்ஜ்லி கண்டார். ஒரு காலன் பெட்ரோலுக்கு மூன்று மில்லிலிட்டர் அளவே போதும். ஆல்கஹால் கலந்தாலும் தட்டல் அடங்கும் என்பது அவர்களுக்கு அப்போதே தெரியும். ஆனால் அதை நிறையக் கலக்க வேண்டும்; காப்புரிமை பெற்று இலாபம் பார்க்கவும் முடியாது. ஈயம் நஞ்சு என்பதும் தெரிந்த செய்திதான். 1924ல் நியூஜெர்சி ஆலையில் இந்த ஈயச் சேர்மத்தைத் தயாரித்த தொழிலாளர் ஐவர் இறந்தனர். மிட்ஜ்லியே ஈய நஞ்சால் அவதிப்பட்டு ஓய்வெடுக்க நேர்ந்தது. ஆயினும் 1926 முதல் விற்பனை தடையின்றித் தொடர்ந்தது.

தட்டலை அளக்க ஒரு கோல் வேண்டாமா? 1926ல் கிரஹாம் எட்கர் என்ற வேதியியலறிஞர் அதைத் தந்தார். மிகவும் பொறுமையான ஐசோ ஆக்டேனுக்கு 100 என்றும், எளிதில் தட்டும் ஹெப்டேனுக்கு 0 என்றும் எண் கொடுத்தார். அந்தத் தூய ஹெப்டேன் கிடைத்தது கலிபோர்னியாப் பைன் மரப் பிசினிலிருந்து என்பது சுவையான செய்தி. 91 ஆக்டேன் என்றால், 91 பங்கு ஐசோ ஆக்டேனும் 9 பங்கு ஹெப்டேனும் சேர்ந்த கலவையைப் போலவே தட்டலைத் தாங்கும் பெட்ரோல் என்று பொருள்.

இனி நம் புல்லட்டுக்கு வருவோம். 1939ல் போர் மூண்டதும் பிரிட்டனில் நிறுவனப் பெயர்கள் மறைந்து, 'பூல்' என்ற ஒரே வகைப் பெட்ரோல் எல்லோருக்கும் வழங்கப்பட்டது. அதன் ஆக்டேன் எண் 70ஐ ஒட்டியதே. போர் விமானங்களுக்கு 100. மோட்டார் சைக்கிளுக்கு மிச்சம்! இந்நிலை 1953 வரை நீடித்தது. 1949ல் விற்பனைக்கு வந்த 350 சி.சி. புல்லட் இந்த மட்டப் பெட்ரோலில் ஓட வேண்டிய வண்டி. ஆகவே அதன் அமுக்க விகிதம் 6.5 மட்டுமே. 1956 முதல் சென்னையை அடுத்த திருவொற்றியூரில் உருவானதும் இந்தப் புல்லட்தான்.

இன்று இந்தியாவில் சாதாரணப் பெட்ரோலே 91க்குக் குறையாதது. அப்படியானால் பழைய புல்லட்டுக்கு அதற்குமேல் பணம் செலவழிப்பது வீண். தட்டாத என்ஜினுக்குக் கூடுதல் ஆக்டேன் கூடுதல் வலிமை தராது. பி.எஸ்.ஏ. கோல்டு ஸ்டார் போன்ற பந்தய வகை வண்டிகளின் கதை வேறு. அவற்றின் அமுக்க விகிதம் உயர்ந்தது. உங்கள் வண்டியிலும் யாராவது உயரமான பிஸ்டன் போட்டிருக்கலாம், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய கையேட்டைப் படிக்கும்போதும் கவனம் வேண்டும். பிரிட்டிஷ் கையேடு 'நான்கு நட்சத்திரம்' என்றால் 97 ஆக்டேன். அமெரிக்கப் பம்புகளில் எழுதியுள்ள 87, வேறு முறையில் கணக்கிட்டது. ஏறக்குறைய நம் 91க்குச் சமம்.

அப்படியும் வண்டி தட்டுகிறதா? விலை கூடிய பெட்ரோலைத் தேடுமுன் சிலிண்டர்த் தலையைக் கழற்றிப் பாருங்கள். படிந்த கரி இடத்தை அடைத்து அமுக்க விகிதத்தை உயர்த்தியிருக்கும். பொறி நேரம் முந்தியிருந்தாலும் தட்டும். பழைய வண்டிகள் சிலவற்றின் ஹேண்டில்பாரில் இருந்த, பொறியைப் பின்தள்ளும் நெம்புகோல் இதற்கும் உதவியது.

ஈயப் பெட்ரோல் இந்தியாவில் 2000 பிப்ரவரியோடு நின்றது. உலகில் கடைசியாக அல்ஜீரியாவில் 2021ல் நின்றது. ஈயம் வெளியேற்று வால்வு சீட்டின் மீது மெல்லிய படலமாகப் படிந்து தேய்மானத்தைத் தடுத்து வந்தது. மெதுவாக ஓட்டுபவருக்கு இந்த இழப்பு பெரிதன்று. நெடுந்தூரம் விரைவாக ஓட்டுபவர், என்ஜினைப் பிரிக்கும்போது கடினப்படுத்திய சீட் போட்டுக்கொள்வது நல்லது.

அன்று ஒதுக்கப்பட்ட ஆல்கஹால் இப்போது திரும்பி வந்துவிட்டது. 20 விழுக்காடு எதனால் கலந்த பெட்ரோலின் ஆக்டேன் எண் 95; தட்டலைப் பொறுத்தவரை பழைய வண்டிக்கு வேண்டியதைவிட மிக அதிகம். தொல்லை வேறிடத்தில் இருக்கிறது. எதனால் பழைய ரப்பர்க் குழாய்களை உப்பவைக்கும். ஈரத்தை இழுத்து டாங்கியைத் துருப்பிடிக்கச் செய்யும். சில பழைய கார்புரேட்டர்களில் தக்கை மிதவையின் அவலரக்குப் பூச்சைக் கரைத்துவிடும். அதிலேயே ஆக்சிஜன் இருப்பதால் கலவையில் பெட்ரோல் பங்கு குறைந்து என்ஜின் சூடாகும். சற்றுப் பெரிய ஜெட் போட வேண்டியிருக்கும். மாதக்கணக்கில் வண்டியை நிறுத்துவதானால் டாங்கியையும் கார்புரேட்டரையும் வடித்து வையுங்கள். உயர்ரகப் பெட்ரோலில் மிச்சமான பணத்துக்குப் புதிய ரப்பர்க் குழாய் வாங்கலாம்.