சுவீடு ஹாலோ: செயின்ட் பால் நகரின் ஓடைக் குடியிருப்பு

சுவீடு ஹாலோ என்பது அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத் தலைநகரான செயின்ட் பால் நகரின் கிழக்குப் பகுதியில் உள்ள ஆழமான ஓடைப் பள்ளம் ஆகும். ஃபேலன் ஓடை பாய்ந்த இவ்விடத்தில் ஏறக்குறைய நூறு ஆண்டுகள் மக்கள் குடியிருந்தனர். சுவீடியர்கள் இதனை 'ஸ்வென்ஸ்கா டாலன்', அதாவது சுவீடன் பள்ளத்தாக்கு, என்று அழைத்தனர்.

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி தொடங்கி 1930 வரை சுவீடனிலிருந்து 12 லட்சத்துக்கும் மேற்பட்டோர் அமெரிக்கா சென்றனர். நிலமின்மையும் 1867-69 ஆண்டுகளின் பஞ்சமும் அவர்களை விரட்டின. மின்னசோட்டாச் சுவீடியர் என்றாலே கோதுமை வயல்களை நினைப்பது வழக்கம். கையில் காசில்லாமல் இரயிலை விட்டு இறங்கியவர்களுக்கு வயல் ஏது? வாடகை மிகக் குறைவு என்பதால் பலர் இப்பள்ளத்தில் தங்கினர்; இரயில்வேயிலும் அருகிலிருந்த ஹாம்ஸ் மதுபான ஆலையிலும் கூலி வேலை பார்த்தனர்.

வீடுகள் சிறிய பலகை வீடுகள். குடிநீர் மலைச்சரிவின் ஊற்றுகளிலிருந்து வந்தது. கழிப்பறைகளோ ஓடையின் மேலேயே, மரக்கால்களில் நின்றன! மேட்டிலுள்ள தெருக்களுக்குப் போக மரப்படிகளில் ஏற வேண்டும். அந்த ஏற்றம் வாழ்க்கையிலும் நடந்தது. வருமானம் கொஞ்சம் உயர்ந்ததும் சுவீடியர்கள் மேலேயுள்ள பெய்ன் அவென்யூவுக்குக் குடிபெயர்ந்தனர்; கடைகளும் வைத்தனர். காலியான வீடுகளுக்கு 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தாலியர்களும், பின்னர் மெக்சிகோ வம்சாவளியினரும் வந்தனர். பெயர் மட்டும் மாறவில்லை.

1956இல் நகரச் சுகாதாரத் துறை இவ்விடம் வாழத் தகுதியற்றது என அறிவித்தது. குழாய்நீரும் கழிவுநீர் வடிகாலும் இல்லை என்பதே காரணம். உண்மைதான். ஆனால் நூறாண்டுகளாக அவற்றைக் கொண்டுவராததும் அதே நகர நிர்வாகமே அல்லவா? அப்போது எஞ்சியிருந்தவை பெரும்பாலும் மெக்சிகோ வம்சாவளிக் குடும்பங்கள். அவர்கள் வெளியேற்றப்பட்டனர். அவ்வாண்டு டிசம்பரில் தீயணைப்புத் துறையினரே வீடுகளுக்குத் தீ வைத்தனர். முதலில் குடியேறியவர்களின் பேரப்பிள்ளைகள் அதற்குள் மேட்டில் வாழும் நடுத்தர வர்க்கமாகிவிட்டனர். இழப்பு கடைசியாக வந்தவர்களுக்கே நேர்ந்தது.

1970களில் உள்ளூர் மக்களின் முயற்சியால் இப்பள்ளம் பூங்காவாயிற்று. பழைய இரயில் பாதை இப்போது புரூஸ் வென்டோ மிதிவண்டிப் பாதையாக உள்ளது. ஃபேலன் ஓடையின் பெரும்பகுதி நிலத்தடிக் குழாயில் ஓடுகிறது.