பெசன்ட் நகர்: மணல் மேட்டில் எழுந்த ஊர்

நமது சங்கத்து அங்கத்தினர்கள் டில்லி, மும்பை, ஹைதராபாத், கொல்கத்தா என்று எத்தனையோ ஊர்களில் இருக்கிறோம். நம்மில் பாதிப் பேருக்காவது சென்னை பெசன்ட் நகரில் ஒரு அக்கா வீடோ, சம்பந்தி வீடோ இருக்கும் என்பது என் கணக்கு. கல்யாணம், உபநயனம் என்று போனால் "சாயங்காலம் பீச்சுக்குப் போயிட்டு, அப்படியே அஷ்டலக்ஷ்மி கோயிலையும் சேவிச்சுட்டு வந்துடலாம்" என்று யாராவது அழைத்துப் போவார்கள். அழகான ஊர், பணக்கார ஊர் என்று சொல்லிவிட்டுத் திரும்பி விடுகிறோம். அந்த ஊரின் பூர்வ கதையைக் கொஞ்சம் எழுதலாம் என்று தோன்றியது. அதில் எனக்குச் சொந்தமான ஒரு பழைய கடனும் இருக்கிறது. அதையும் கடைசியில் சொல்கிறேன்.

நான் இருப்பது பெங்களூரில், கடல் மட்டத்துக்கு சுமார் 900 மீட்டர் உயரத்தில். கடல் பார்க்க வேண்டுமானால் ஒரு ராத்திரி ரயிலில் போக வேண்டும். ஆனால் பெசன்ட் அம்மையாரை தினமும் நினைக்க எனக்கு ஒரு காரணம் உண்டு. காலையில் நடக்கப் போகும்போது பசவனகுடி நேஷனல் கல்லூரியைத் தாண்டித்தான் போகிறேன். 1917-ல் அம்மையார் நடத்திய தேசியக் கல்வி இயக்கத்தின் பயனாகத் தோன்றிய நேஷனல் ஹைஸ்கூல்தான் அதற்கு மூலம். இங்கே ஒரு பள்ளிக்கூடம், அங்கே ஒரு நகரமே அவர் பெயரில்.

நான்கு அந்நியர்கள்

பெசன்ட் நகரைச் சுற்றி வந்தால் நான்கு வெளிநாட்டுப் பெயர்கள் காதில் விழும்.

முதலாவது எலியட். 19-ஆம் நூற்றாண்டில் மதராஸ் பட்டணத்தில் மாஜிஸ்திரேட்டாகவும் போலீஸ் சூப்பரிண்டெண்டாகவும் இருந்த எட்வர்ட் எலியட் என்பவரின் பெயரே கடற்கரைக்கு வந்தது. மெரினா ஊரார் எல்லோருக்கும் என்றால், எலியட்ஸ் பீச் வெள்ளைக்கார துரைமார்கள் வந்து குளிக்கும் இடமாக இருந்தது.

இரண்டாவது கர்னல் ஆல்காட். அமெரிக்கர், வக்கீல். அவரும் பிளாவட்ஸ்கி அம்மையாரும் 1882-ல் அடையாற்றின் தென்கரையில் ஹட்டில்ஸ்டன் தோட்டத்தை வாங்கி, அந்த டிசம்பரில் பிரம்மஞான சபையின் தலைமையகத்தை அங்கே கொண்டு வந்தார்கள். முதலில் 27 ஏக்கர். பிறகு பக்கத்துத் தோட்டங்களும் சேர்ந்து இன்று 250 ஏக்கருக்கு மேல் இருக்கிறது. அதன் பெரிய ஆலமரத்தை நம்மில் பலர் பார்த்திருப்போம். 1989-ல் அடித்த புயற்காற்றில் தாய்மரம் சாய்ந்துவிட்டது. விழுதுகள் நிற்கின்றன. ஆல்காட் 1894-ல் தாழ்த்தப்பட்ட குழந்தைகளுக்கென்று இலவசப் பள்ளி தொடங்கியவர். அவர் நினைவாக நடக்கும் பள்ளி இன்றும் பெசன்ட் நகரில் இருக்கிறது. பக்கத்திலுள்ள மீனவர் குடியிருப்புக்கும் ஆல்காட் குப்பம் என்றே பெயர்.

மூன்றாவது அன்னி பெசன்ட். 1847-ல் லண்டனில் ஐரிஷ் வம்சத்தில் பிறந்து, 1893-ல் இந்தியா வந்து, 1907-ல் சபையின் தலைவியாகி, 1916-ல் ஹோம் ரூல் இயக்கம் கண்டு, 1917-ல் காங்கிரஸ் மகாசபைக்கும் தலைமை வகித்தவர். 1933 செப்டம்பரில் அடையாற்றிலேயே காலமானார்.

நான்காமவர் பெயர் பலருக்குத் தெரியாது. கடற்கரை மணலில் வெள்ளையாக, வளைவுடன் ஒரு மண்டபம் நிற்கிறதே, சினிமாக்களில் கூட அடிக்கடி வருமே, அது அவருடையது. கார்ல் ஷ்மிட் என்ற டேனிஷ் மாலுமி. 1930 டிசம்பர் 30 அன்று இந்த இடத்துக்கு அருகில் பிறர் உயிரைக் காப்பாற்ற உதவும்போது மூழ்கி இறந்தார் என்று அங்குள்ள பலகை சொல்லுகிறது.

வீட்டு வசதி வாரியம் வந்தது

இந்தப் பெயர்களுக்கெல்லாம் முன்பே அங்கே ஊர் இருந்தது. தெற்கே அப்பரும் சம்பந்தரும் பாடிய திருவான்மியூர் மருந்தீஸ்வரர் கோயில். வடக்கே ஆற்றின் முகத்துவாரத்தில் ஊரூர் என்ற மீனவ கிராமம். நடுவில் மணல் மேடும் சவுக்கும் தாழம்புதரும்.

1936-ல் ருக்மிணி தேவி அருண்டேல் பிரம்மஞான சபைத் தோட்டத்தில் கலாக்ஷேத்ராவைத் தொடங்கினார். 1960-களில் அது திருவான்மியூர் மணல்வெளிக்கு இடம் பெயர்ந்தது. இன்று அங்கே தோப்பாக நிற்கும் மரங்கள் எல்லாம் வெறும் மணலில் நட்டு, தண்ணீர் ஊற்றி வளர்த்தவை. 1993-ல் பார்லிமெண்ட் சட்டம் இயற்றி அதைத் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த ஸ்தாபனமாக்கியது.

1961-ல் அமைந்த தமிழ்நாடு வீட்டு வசதி வாரியம் 1970-களில் இந்த மணல்மேட்டை அளந்து, அவென்யூ, மெயின் ரோடு, குறுக்குத் தெரு என்று கோடு போட்டது. நான் 1978-ல் சென்னைக்கு மாற்றலாகி அங்கே ஒரு ஹவுசிங் போர்டு ஃப்ளாட்டில் வாடகைக்குப் போனபோது அக்கம்பக்கத்தில் இருந்தவர்கள் என்னைப் போன்ற குமாஸ்தா, பாங்கு ஊழியர், வாத்தியார் வர்க்கம்தான். ராத்திரி எட்டு மணிக்கு மேல் தெருவில் நரி ஊளையிடும். பெரம்பூரிலிருந்து வரும் 29சி பஸ்ஸை விட்டால் கதி இல்லை. "ஒரு கிரவுண்டு வாங்கிப் போடுடா அம்பி" என்று என் தமையனார் தலைப்பாடாக அடித்துக் கொண்டார். நான் பி.எஸ்ஸி. ரசாயனம் படித்தவன் அல்லவா! உப்புக் காற்றில் கம்பி எவ்வளவு சீக்கிரம் துருப்பிடிக்கும் என்று அவருக்கு ஒரு சொற்பொழிவே செய்து அனுப்பினேன். துரு உண்மைதான். அந்த கிரவுண்டின் இன்றைய விலையை என் சம்சாரம் அவ்வப்போது ஞாபகப்படுத்துவதும் உண்மைதான்.

கோயில்களும் கூடவே எழுந்தன. 1970-களின் தொடக்கத்தில் அன்னை வேளாங்கண்ணி ஆலயம். ஆவணி வாக்கில், ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை அதன் திருவிழாவுக்குக் காவி உடுத்தி நடந்து வரும் கூட்டம் தெருவை நிறைக்கும். 1976 ஏப்ரலில் அஷ்டலக்ஷ்மி கோயில் கும்பாபிஷேகம். உத்திரமேரூர் சுந்தரவரதர் கோயிலைப் போல மாடி மாடியாகக் கட்டியது. மேல் தளத்திலிருந்து பார்த்தால் கடல் கைக்கெட்டும் தூரத்தில் தெரியும். வரசித்தி விநாயகர், அறுபடை வீடு முருகன் எல்லாம் இன்று பிரசித்தம்.

மணலின் கணக்கு

பீச் அழகு என்கிறோம். அந்த மணல் ஒரே இடத்தில் இருப்பதில்லை. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் அலைகள் கரையைச் சாய்வாகத் தாக்குவதால் மணல் வடக்கு நோக்கி நகரும். வடகிழக்குப் பருவத்தில் தெற்கே திரும்பும். வருஷக் கணக்கில் பார்த்தால் வடக்கே போவதுதான் அதிகம். 1870-களில் தொடங்கி மதராஸ் துறைமுகச் சுவர்களைக் கட்டியபோது இந்த ஓட்டம் தடைப்பட்டது. சுவருக்குத் தெற்கே மணல் குவிந்து மெரினா அகலமாயிற்று. வடக்கே ராயபுரம் பக்கம் கடல் கரையைத் தின்றது. அடையாற்று முகத்துவாரம் அடிக்கடி மணல் மேடிட்டு மூடிக் கொள்வதும் இந்த நகர்வினால்தான்.

அந்த முகத்துவாரத்தின் வேகத்துக்கு சாட்சியாக ஓர் உடைந்த பாலம் நிற்கிறது. மீனவர்கள் ஆற்றைக் கடக்க 1967-ல் கட்டியது, 1977-ல் வெள்ளத்தின் இழுப்பில் உடைந்தது. மேலே அமைதியாகத் தெரியும் கடலும் அப்படித்தான். கரைக்கு வந்த நீர் திரும்பிப் போக ஒரு பள்ளத்தைக் கண்டுபிடித்து அதன் வழியே வேகமாக ஓடும். இழுவை நீரோட்டம் என்பார்கள். முழங்கால் ஆழத்தில் நிற்பவனையும் அது வாரிக் கொண்டு போகும்.

1982 தை அமாவாசை

இந்தப் பாடத்தை நான் புஸ்தகத்தில் படிக்கவில்லை. 1982 தை அமாவாசைக்கு லீவு போட்டுவிட்டு சமுத்திர ஸ்நானத்துக்குப் போனேன். அடம் பிடித்த ஏழு வயதுப் பிள்ளையும் கூட வந்தான். ஸ்நானம் முடித்துக் கரையில் உட்கார்ந்து, தகப்பனாருக்குத் தர்ப்பணம் செய்து கொண்டிருந்தேன். "இங்கேயே நில்லுடா" என்று சொல்லியிருந்தேன். அவன் கூப்பிட்ட சத்தம் கூட எனக்குக் கேட்கவில்லை. நிமிர்ந்தபோது பையன் இருந்த இடத்தில் நுரை மட்டும் இருந்தது.

சற்றுத் தள்ளி வலை சரி செய்து கொண்டிருந்த ஒரு மீனவர் அதற்குள் தண்ணீரில் இருந்தார். நேராக நீந்தாமல் பக்கவாட்டில் போய், அலையோடு சேர்ந்து பையனைத் தோளில் போட்டுக் கொண்டு வந்தார். குப்புறப் போட்டுத் தண்ணீரை வெளியே எடுத்தார். பையன் அழுதான். "அழுவுதுல்ல, ஒண்ணும் இல்ல சாமி. புள்ளைக்கு சூடா எதுனா குடு. இந்தாண்ட கடலு இழுக்கும், இனிமே இட்டாராதே" என்றார். நான் நீட்டிய பத்து ரூபாய் நோட்டை வாங்கவில்லை. வலைக்குத் திரும்பிப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்ததும் நான் மறுபடி ஸ்நானம் செய்தேன், பையனையும் செய்ய வைத்தேன். அவர் தொட்டு விட்டாரே என்றுதான். இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் அதுதான் நடந்தது. மடி ஆசாரத்தில் என்னைவிடப் பத்து மடங்கு கடுமையான என் தாயார் கேட்டது வேறு. "அவன் பேரென்னடா?" என்றாள். தெரியாது என்றேன். "உசிரைக் கொடுத்தவன் பேரைக் கேட்காம வந்தியா? நாளைக்கே ஒரு ஜோடி வேஷ்டி வாங்கிண்டு போ" என்றாள். ஆபீஸில் ஆடிட் நேரம். அடுத்த வாரம், அடுத்த மாசம் என்று தள்ளினேன். 1984-ல் பெங்களூருக்கு மாற்றல் வந்துவிட்டது.

2004-க்குப் பிறகு

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. சுனாமி சென்னைக் கரையில் ஏறிய காட்சிகளை இங்கே டெலிவிஷனில் பார்த்தோம். ஊரூர் குப்பத்திலும் ஆல்காட் குப்பத்திலும் படகுகளும் வலைகளும் போயின என்று கேட்டபோது தாயாரின் குரல் காதில் விழுந்தது. அவள் அப்போது இல்லை.

2005-ல் மருமான் கல்யாணத்துக்குப் போன சமயம் ஒரு ஜோடி வேஷ்டியுடன் குப்பத்துக்குப் போனேன். வாசலில் கருவாடு காய வைத்துக் கொண்டிருந்த ஒரு பாட்டியிடம் விஷயத்தைச் சொன்னேன். "பேரு இன்னா?" என்று கேட்டாள். தெரியாதம்மா என்றேன். "எப்பிடி இருப்பாரு?" வலை பின்னிக் கொண்டிருந்தார் என்றேன். பாட்டி சிரித்துவிட்டாள். "அல்லாரும் வலைதான் பின்னுவாங்க. எத்தினியோ புள்ளைங்கள இழுத்துப் போட்டிருக்காங்க. நீ யாரத் தேடுவே?" என்றாள். வேஷ்டியை அவளிடமே கொடுத்து, வேண்டியவருக்குக் கொடுக்கச் சொல்லிவிட்டு வந்தேன்.

திரும்பும் வழியில்தான் ஷ்மிட் மண்டபத்துப் பலகையை முதல் தடவையாக நின்று படித்தேன். ஆறு வருஷம் அந்த ஊரில் குடியிருந்து, அதன் நிழலில் வேர்க்கடலை தின்றிருக்கிறேன். படித்ததில்லை.

போகும்போது பாருங்கள்

அங்கத்தினர்கள் அடுத்த தடவை பெசன்ட் நகர் போனால் விடியற்காலையில் போங்கள். ஜனவரி முதல் ஏப்ரல் வரையானால், 1988-ல் மாணவர்கள் தொடங்கிய ஆமைப் பாதுகாப்பு அமைப்பினர் ராத்திரி முழுவதும் நடந்து சேகரித்த பங்குனி ஆமை முட்டைகளைக் கரையிலேயே வேலி கட்டிக் காப்பதைக் காணலாம். ஒரு குழியில் நூறுக்கு மேல் முட்டை. சுமார் 45 நாளில் பொரியும். குஞ்சு ஆணா பெண்ணா என்பதை மணலின் சூடு நிர்ணயிக்கிறது. கடல் பக்கத்து வெளிச்சத்தை நோக்கிப் போக வேண்டிய குஞ்சுகள் நம் தெரு விளக்குகளையும் ஓட்டல் விளக்குகளையும் பார்த்து ஊருக்குள் வந்துவிடும். அதைத் தடுக்கத்தான் பிள்ளைகள் தூக்கம் விழிக்கிறார்கள்.

பிறகு மண்டபத்துப் பலகையைப் படித்துவிட்டு, வடக்கே இன்னும் கொஞ்சம் நடந்து குப்பத்துக்கும் போய் வாருங்கள். 2015-ல் தொடங்கி அங்கே நம் கர்நாடக சங்கீதமும் பாடி ஒரு விழா நடந்தது. போகப் பயப்பட வேண்டியதில்லை. படகிலிருந்து இறங்கிய மீனைப் பங்கு போடும் நேரமாக இருக்கும். ஓரமாக நின்று பார்க்கலாம்.

அன்று கடலில் போன பிள்ளைக்கு இப்போது வயது ஐம்பது. அவன் வீட்டில்தான் பசவனகுடியில் இருக்கிறேன். அவனுக்கு அந்த மனிதரின் முகம் ஞாபகமில்லை, தோளில் இருந்த மீன் வாசனை மட்டும் ஞாபகம் இருக்கிறதாம். உங்களுக்கும் இப்படி யாராவது உதவி செய்தால், வீட்டுக்குத் திரும்புமுன் தயவு செய்து பெயரைக் கேட்டுக் கொள்ளுங்கள்.