ஒரே பிறந்த நாள், இரண்டு பியானோ

பெரிய ஹோட்டல்களில் ஒரு மூலையில் உட்கார்ந்து பியானோ வாசிப்பவரை நீங்கள் என்றாவது கவனித்ததுண்டா? நமக்கு சூப்பில் உப்பு சரியாக இருக்கிறதா என்பதுதான் கவலை! ஸ்வீடனின் தலைநகர் ஸ்டாக்ஹோமில் வருடக்கணக்காக அப்படி வாசித்துக்கொண்டிருந்தார், உயரமான ஒரு கறுப்பு மனிதர். ஒரு காலத்தில் ஹவானாவையே ஆட வைத்தவர் அவர் என்பது அங்கே சாப்பிட்டவர்களில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்?

பெயர், பெபோ வால்டெஸ். 1918, அக்டோபர் 9-ம் தேதி கியூபாவில் பிறந்தவர். 1948-ல் இருந்து ஹவானாவின் புகழ்பெற்ற ‘டிராபிகானா’ நைட் கிளப்பில் பியானோ வாசித்தார், இசை அமைத்தார்.

1952-ல் துணிச்சலாக ஒரு காரியம் செய்தார். ‘பாட்டா’ என்றொரு முரசு. கரும்புத் தோட்டங்களுக்கு அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க யோருபா மக்கள், தெய்வங்களை அழைக்கத் தட்டுவது. அதைத் தூக்கிக்கொண்டு வந்து ஜாஸ் பாணி டான்ஸ் ஆர்கெஸ்ட்ராவுக்கு நடுவே வைத்துவிட்டார் பெபோ! அந்தப் புதிய தாளத்துக்குப் பெயர் ‘பட்டாங்கா’. ஆனால், மாம்போ அலையில் அது ரொம்ப நாள் தாக்குப்பிடிக்கவில்லை.

1959-ல் புரட்சி. காஸ்ட்ரோ ஆட்சி பிடிக்காமல் 1960-ல் பெபோ நாட்டைவிட்டே கிளம்பினார். குடும்பம் ஹவானாவிலேயே தங்கிவிட்டது. மகன் சூச்சோவுக்கு அப்போது 19 வயது. விசித்திரம் என்னவென்றால், அவர் பிறந்த நாளும் அக்டோபர் 9! 1963-ல் ஸ்டாக்ஹோமில் ஒரு ஸ்வீடன் பெண்ணோடு காதல், கல்யாணம்... பெபோ அங்கேயே தங்கிவிட்டார்.

இங்கே மகன் என்ன செய்தார் தெரியுமா? 1973-ல் ‘இராகெரே’ என்ற குழுவைத் தொடங்கி, ஜாஸ், ராக் இரண்டோடும் பாட்டா முரசைக் கலந்தார். அப்பா விட்ட இடம்! 1978-ல் அந்தக் குழு நியூயார்க்கின் கார்னகி ஹாலுக்கு வந்தபோது அப்பாவும் மகனும் சந்தித்தார்கள், 18 வருடங்களுக்குப் பிறகு.

1994-ல், 76 வயதில், பெபோவை உலகம் மறுபடி கண்டெடுத்தது. புது ஆல்பங்கள் வந்தன. 2008-ல் அப்பாவும் மகனும் இரண்டு பியானோக்களில் சேர்ந்து வாசித்த ஆல்பம் வெளிவந்தது. அதற்கு 2010-ல் கிராமி விருது!

2013-ல் ஸ்டாக்ஹோமில் காலமானார் பெபோ, கியூபாவுக்குத் திரும்பாமலே. யோசித்துப் பாருங்கள்... கடல் தாண்டி இழுத்துவரப்பட்ட அந்த அடிமைகளால் கூடவே கொண்டுவர முடிந்தது, மனதில் இருந்த தாளத்தை மட்டும்தான். முரசைப் பிறகுதான் செய்துகொண்டார்கள். பெபோ கொண்டுபோனதும் அதைத்தான். மகனுக்கு விட்டுப்போனதும் அதைத்தான்.