மரக்காணத்து உப்பளமும் உள்ளூர் வரலாற்றுக் காட்சியும்

கண்காட்சி, பொதுச்சொற்பொழிவு வழியாக ஊர் வரலாற்றைப் பொதுமக்களிடம் சேர்த்ததில் தமிழ்நாட்டின் முன்னோடிகளில் ஒன்று சென்னை தினம். எஸ். முத்தையா, சசி நாயர், வின்சென்ட் டிசோசா ஆகியோர் 2004இல் தொடங்கிய இவ்விழா, கிழக்கிந்தியக் கம்பெனிக்கு நிலம் வழங்கப்பட்ட 1639 ஆகஸ்ட் 22ஐ நகரின் பிறந்தநாளாகக் கொள்கிறது. நிழற்படங்கள், கட்டடங்களைச் சுற்றிய நடைகள், அறிஞர் உரைகள் என்று வளர்ந்த அதன் வடிவம், ஆவணமும் கட்டடமும் மிகுந்த நகரத்துக்கு நன்றாகவே பொருந்துகிறது. அதை அப்படியே கடற்கரை ஊரான மரக்காணத்துக்குக் கொண்டுவந்தால், அவ்வூரை இன்றளவும் தாங்கி நிற்கும் உப்புத் தொழிலாளர்கள் அவ்வூரின் வரலாற்றிலிருந்தே விடுபட்டுப்போவார்கள் என்பதே இக்கட்டுரையின் வாதம். இந்தக் கரையில் காட்சிப்பொருளாக வேண்டியது அளம். மேடையில் பேச வேண்டியவர் அளத்தில் வேலை செய்பவர்.

வழக்கமான சான்றுகளை அடுக்கிப் பார்த்தாலே இது விளங்கும். சங்க நூலான சிறுபாணாற்றுப்படையின் எயிற்பட்டினமும் கிரேக்கக் கடற்பயண நூலான பெரிப்ளூஸ் குறிக்கும் சோபட்மாவும் மரக்காணமே என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. ஆகவே எந்தக் கண்காட்சியும் இத்துறைமுகப் பெருமையிலிருந்தே தொடங்கும். ஆனால் சிறுபாணாற்றுப்படையைப் பாடிய நத்தத்தனார் எயிற்பட்டினத்தில் காட்டுவது அலை கொண்டுவந்து ஒதுக்கிய மணமுள்ள விறகையும், நுளைமகள் வடித்த தேறலையும், சுட்ட மீனையும்தான். உமணரின் உப்பு வண்டிகள் அதே நூலில் வருகின்றன. அவை வருவதோ கொற்கையைப் பேசும் பகுதியில். அடுத்து, மரக்காணத்துப் பூமீசுவரர் கோயிலின் சோழர்காலக் கல்வெட்டுகள். பொதுவாகக் கோயில் கல்வெட்டின் அக்கறை கொடையிலும் வரியிலும். 1805இல் சென்னை மாகாணத்து உப்பு அரசின் ஏகபோகமான பின்பு அரசுப் பதிவேடுகள் பெருகின. அவற்றுக்கும் வேண்டியிருந்தது விளைச்சலும் தீர்வையுமே. அருகிலுள்ள ஆலம்பரைக் கோட்டையோ 1750இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்து 1760இல் ஆங்கிலேயரிடம் வீழ்ந்த கதையைச் சொல்லும். இச்சான்றுகள் அனைத்தும் தேவையானவை. ஆயினும் உப்பை விளைவித்தவர் யார், எப்படி விளைவித்தார் என்ற கேள்விக்கு இவற்றில் போதிய விடை இல்லை.

அந்த விடை வேலைக்குள் இருக்கிறது. மழை ஓய்ந்ததும் சேறு தட்டிய பாத்திகளை வரிசையாக நின்று காலால் மிதித்து இறுக்குகிறார்கள். மிதி சரியில்லாவிட்டால் நீர் கசியும், உப்பில் மண் ஏறும். பிறகு பாத்திக்குப் பாத்தி மாற்றி நீரை வெயிலில் காயவைக்கிறார்கள். நீரின் செறிவைக் காட்டும் பாமே அளவில் சுமார் 3 பாகையாக இருக்கும் கடல்நீர் 25ஐ எட்டும்போது உப்பு படியத் தொடங்கும். 30ஐ நெருங்க விட்டால் மக்னீசியம் சேர்ந்து கைக்கும். எப்போது வார வேண்டும், எஞ்சிய நீரை எப்போது வடித்துவிட வேண்டும் என்பதை நீரின் நிறத்தையும் காற்றின் போக்கையும் பார்த்தே கணிப்பவர்கள் அங்கே உண்டு. பலகையால் வாரிய உப்பைக் கூடையில் சுமந்து கரை சேர்ப்பவர்களில் பெண்கள் கணிசம். வடகிழக்குப் பருவமழை வந்தால் பாத்திகள் மூழ்கிவிடும். ஆண்டுதோறும் கரைந்துபோகும் இத்தொழில் கண்ணாடிப் பேழைக்குள் வைக்கத்தக்க எச்சம் அதிகம் விட்டுச்செல்வதில்லை.

தொழிலாளியின் நினைவு ஆய்வுச் சான்றாகுமா என்று கேட்கலாம். ஆண்டுக்கணக்கில் நினைவு தடுமாறும். அதற்குப் பதிவேட்டை நாடுவதே முறை. ஆனால் மிதிக்கும் முறை, கூலி கணக்கிட்ட விதம், வெள்ளை வெயிலில் கூசிய கண், உப்பில் வெடித்த பாதம் ஆகியவற்றுக்கு அவர்களைவிட நல்ல சாட்சி வேறில்லை. இரண்டாவது ஆட்சேபம் கனமானது: உழைக்கும் இடத்தைக் காட்சியாக்கினால் வறுமை வேடிக்கையாகிவிடாதா? ஆகும், சொல்பவர் வெளியாளாக இருந்தால். எதைக் காட்டுவது, எதை மறைப்பது என்ற முடிவும் உரைக்கான ஊதியமும் தொழிலாளர் கையில் இருந்தால் அந்த ஆபத்து பெரிதும் குறையும். ஸ்லோவேனியாவின் பிரான் நகரக் கடல்சார் அருங்காட்சியகம், செச்சோவ்லே உப்பளத்தின் நடுவிலேயே பழைய வீடுகளைச் சீரமைத்து, பக்கத்துப் பாத்திகளில் மரபு முறையில் உப்பு விளைவித்துக் காட்டுகிறது. 2019இல் திறக்கப்பட்ட தண்டி உப்புச் சத்தியாகிரக நினைவகத்திலும் பார்வையாளர் உப்புக் காய்ச்சிப் பார்க்கலாம். எனினும் அங்கே மையத்தில் நிற்பவர்கள் யாத்திரை சென்றவர்கள், அளத்துக்காரர்கள் அல்லர்.

சென்னைக்கும் இதில் பங்குண்டு. மரக்காணம் வரை நீளும் பக்கிங்காம் கால்வாயில் உப்பும் விறகும் படகேறி அந்நகருக்குச் சென்றன. ஆகவே சென்னை தினத்தின் நிகழ்ச்சி நிரலில் இக்கரைக்கு இடம் கேட்பது நியாயமான கோரிக்கை. மரக்காணத்திலேயே நடக்க வேண்டியவற்றுக்குக் காலமும் அமைந்திருக்கிறது. செயல்விளக்கத்தை உப்பு வாரும் பருவத்தில் பாத்தியோரம் வைக்கலாம். உரைகளை அக்டோபர் முதல் டிசம்பர் வரை வேலையற்ற மாதங்களில் ஊருக்குள் நடத்தலாம். அம்மாதங்களுக்காகத் தமிழ்நாடு அரசு 2022 முதல் உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் நிவாரணம் தருகிறது. பேசுவதற்கு ஊதியம் கிடைத்தால் அதுவும் ஒரு துணையாகும். 2021இல் மரக்காணத்தை ஒட்டிய கழுவேலி பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அங்கு வரும் பறவைகளைப் பற்றி எழுத ஆட்கள் இருக்கிறார்கள். பக்கத்து அளத்தில் பாத்தி மிதித்த தலைமுறையின் பேச்சைப் பதிவுசெய்யும் வேலையை உள்ளூர்ப் பள்ளிகளும் பல்கலைக்கழக வரலாற்றுத் துறைகளும் இந்த மழைக்காலத்திலேயே தொடங்க வேண்டும்.