ஜாம் போத்தல் விளக்கும் கையெழுத்துக் கொப்பியும்

கல்லூரி மலர்களுக்கென்று ஒரு மரபுண்டு. அதிபர்களின் வரிசை, கட்டடங்கள் எழுந்த ஆண்டுகள், பரீட்சைப் பெறுபேறுகள், நாடகப் போட்டியில் வென்ற கேடயங்கள் ஆகியன அவற்றில் தவறாது இடம்பெறும். இந்த நூற்றாண்டு மலரிலும் அவை இருக்கவே வேண்டும். ஆயினும் எங்கள் தலைமுறை மாணவிகளின் கல்வியைத் தாங்கி நின்ற ஒரு படைப்பாற்றலுக்கு எவரும் கேடயம் வழங்கியதில்லை. 1990 முதல் 1995 வரை யாழ்ப்பாணத்து வீடுகளிலும் வகுப்பறைகளிலும் வெளிப்பட்ட அந்தப் படைப்பாற்றலைப் பற்றியே இங்கு எழுதுகிறேன்.

1990 யூன் மாதம் போர் மீண்டும் மூண்டது. அதன்பின் குடாநாட்டுக்கு மின்சாரம் இல்லை. பெற்றோலும் பற்றரியும் பொருளாதாரத் தடைக்குள் அகப்பட்டன, சவர்க்காரம் அரிதாயிற்று, மண்ணெண்ணெயின் விலை பல மடங்கு ஏறியது. சிமினி விளக்கு எண்ணெயை அதிகம் குடிக்கும். ஆகவே வெறும் ஜாம் போத்தலின் அடியில் பஞ்சை வைத்து, அது நனையுமளவு எண்ணெய் விட்டு, மெல்லிய திரியொன்றை உள்ளே பொருத்தினார்கள். போத்தலின் கண்ணாடி காற்றைத் தடுத்தது. பஞ்சு எண்ணெயைச் சிந்தாமல் பிடித்துக்கொண்டது. ஒழுங்கைக்கு ஒழுங்கை பலரின் கைபட்டுத் திருந்திய இந்த விளக்கைச் சுற்றி இருந்துதான் அக்காலத்துப் பிள்ளைகள் பரீட்சைக்குப் படித்தார்கள்.

சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதிகட்டையைக் கையால் சுற்றினால் டைனமோ மின்சாரம் தரும், வானொலி பேசும். பெரியவர்கள் பிபிசி தமிழோசைக்குக் காது கொடுத்திருக்க, சுற்றும் வேலை பெரும்பாலும் எங்களுக்கே வாய்த்தது. கை சோர்ந்தால் செய்தியும் சோர்ந்துவிடும். மோட்டார் சைக்கிள்கள் சில துளி பெற்றோலில் உயிர்பெற்று மண்ணெண்ணெயில் ஓடின. சவர்க்காரத்துக்குப் பதிலாகப் பனம்பழத்தைப் பிழிந்து உடுப்புத் தோய்த்தார்கள். சீனி இல்லாத வீட்டில் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு தேநீர் குடித்தார்கள்.

இவை திடீரென முளைத்த திறமைகள் அல்ல. பனையோலையில் கடகமும் நீத்துப்பெட்டியும் மூடலும் இழைத்த கைகளுக்கு, கையிலிருக்கும் பொருளை வேண்டிய வடிவுக்குக் கொண்டுவரும் பழக்கம் முன்பே இருந்தது. எந்த ஓலையை எப்போது வார்ந்து காயவிட வேண்டும், எந்தப் பின்னலில் நீர் ஒழுகும், எதில் மா தங்கும் என்பதெல்லாம் பாட்டியிடமிருந்து பேத்திக்கு வாய்மொழியாகவே வந்த அறிவு. நெருக்கடிக் காலம் அந்த அறிவை வேறு பொருள்களின்மேல் செலுத்தியது.

பாடசாலையிலும் அப்படித்தான். தாள் தட்டுப்பாட்டால் நாளிதழ்கள் கோடிட்ட கொப்பித் தாளில்கூட அச்சேறிய காலம் அது. மூத்த அக்காமாரின் பாடக் குறிப்புகளை இரவல் வாங்கிப் பிரதி எடுத்தோம். உயிரியல் படங்களைப் பார்த்து வரைந்தோம். வரைந்ததனாலேயே அவை மனத்தில் பதிந்தன. அடுத்த ஆண்டு அந்தக் கொப்பி இன்னொருத்தியின் கைக்குப் போகும். அவள் ஓரத்தில் தனது விளக்கத்தைச் சேர்ப்பாள்.

அக்காலத்துக்குச் சற்று முன்னரே யாழ்ப்பாணத்தின் கலையுலகில் இரு முக்கிய நிகழ்வுகள் நடந்திருந்தன. குழந்தை ம. சண்முகலிங்கத்தின் ‘மண் சுமந்த மேனியர்’ நாடகம் 1985இல் மேடையேறியது. பத்துப் பெண்களின் கவிதைகளைக் கொண்ட ‘சொல்லாத சேதிகள்’ 1986இல் வெளிவந்தது. ஒருவர் எழுதிவைத்ததாலும், வேறு சிலர் தொகுத்து அச்சிட்டதாலும் அவற்றை இன்றும் நாம் படிக்க முடிகிறது. போர் விட்டுச்சென்ற மனக்காயங்களைக் கூட மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் 1998இல் வெளியான தமது ஆங்கில நூலில் பதிவு செய்துள்ளார். விளக்குச் செய்த கைகளுக்கோ, கொப்பி எழுதிய கைகளுக்கோ அத்தகைய தொகுப்பு எதுவும் நம் கல்லூரியில் இல்லை.

மருத்துவராக ஒன்றையும் சொல்லியாக வேண்டும். வறுமையும் தடையும் படைப்பாற்றலை வளர்க்கும் என்று புகழ்வதற்கு என் மனம் இடந்தராது. வயிற்றோட்டம் கண்ட குழந்தைக்கு ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் ஆறு மட்டமான தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்து கொடுத்து உயிர் காக்கலாம். அது ஒரு தாயின் கைக்கு எட்டும் காரியம். ஆனால் குளிரில் பேணவேண்டிய தடுப்பூசிக்கும் இன்சுலினுக்கும் ஜாம் போத்தலில் மாற்று இல்லை. அன்று பெண்கள் செய்தவற்றை மதிப்பதென்றால், அவர்களால் செய்ய முடியாமற் போனவற்றையும் சேர்த்தே எழுத வேண்டும். அப்போதுதான் அது வரலாறு.

1995 ஒக்டோபர் 30ஆந் திகதி வலிகாமம் இடம்பெயர்ந்தபோது, எடுத்துச் செல்ல முடியாதவற்றுள் அந்தக் கொப்பிகளும் இருந்தன. எஞ்சியவை இன்று கொழும்பிலும் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் மெல்பேணிலும் பெட்டிகளுக்குள் கிடக்கக்கூடும். அன்றைய இளந்தாய்மார் இப்போது முதுமையை எட்டிவிட்டார்கள். மறதி நோயுடன் வரும் மூதாட்டிகளை நான் நாள்தோறும் பார்க்கிறேன். நேற்று உண்டதை மறந்தவர் நீத்துப்பெட்டி இழைக்கும் முறையைத் தடுமாறாமல் சொல்லுவார். அந்த நினைவும் நெடுங்காலம் நிற்காது.

நூலகம் இணையத்தளம் 2005 முதல் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்வடிவில் சேர்த்து வருகிறது. நம் சங்கமும் தன் இரண்டாம் நூற்றாண்டின் முதல் வேலையாக இத்தகைய தொகுப்பொன்றைத் தொடங்கலாம். சகோதரிகளே, பெட்டியிலிருக்கும் கொப்பியைப் படமெடுத்து அனுப்புங்கள். அம்மாவின் அருகே அமர்ந்து, கைத்தொலைபேசியில் அவர் குரலைப் பதிவு செய்யுங்கள். என்ன செய்தீர்கள் என்பதுடன் நிறுத்தாமல், எதனால் செய்தீர்கள், எப்படிச் செய்தீர்கள், யாரிடம் பழகினீர்கள் என்றும் கேளுங்கள். பெயரையும் ஊரையும் ஆண்டையும் குறித்துவையுங்கள்.