அல்மொனாஸ்டர்: குன்றின் மேல் ஒரு சின்னப் பள்ளி



அந்தலூஸ் என்றதும் நமக்கு கொர்தோவாவும் கிரனாடாவும்தான் நினைவுக்கு வரும். இன்று ஒரு சின்ன ஊரைப் பற்றிச் சொல்கிறேன்.

தென்மேற்கு ஸ்பெயினின் உவெல்வா மாகாணத்தில், மலைகளுக்கு நடுவே இருக்கிறது அல்மொனாஸ்டர் லா ரியால். வெள்ளையடித்த வீடுகள், கல் பதித்த ஒடுக்கமான தெருக்கள். மேலே குன்றில், பழைய கோட்டை மதிலுக்குள் ஒரு சிறிய பள்ளிவாசல். வயது ஆயிரம் வருடத்துக்கு மேல்.

கட்டியவர்கள் ரோமர், விசிகோத்தியர் காலத்துத் தூண்களையே எடுத்து, அவற்றின் மேல் செங்கல்லால் குதிரை லாட வளைவுகளை எழுப்பியிருக்கிறார்கள். ஸ்பெயினில் எஞ்சியுள்ள மிகப் பழைய மிஹ்ராப்களில் ஒன்று இங்கே இருக்கிறது. வுழூச் செய்யும் சிறு தொட்டியும் உண்டு.

13ஆம் நூற்றாண்டில் ஊர் கிறிஸ்தவர் கைக்குப் போனது, பள்ளி தேவாலயமானது. பிற்காலத்தில் பக்கத்திலேயே காளைப்போர் அரங்கும் வந்தது. செவில் நகரில் பெரிய பள்ளியை இடித்து, அந்த இடத்தில் கதீட்ரலைக் கட்டினார்கள். இங்கே இடிக்கவில்லை. 1931இல் அரசு இதைத் தேசிய நினைவுச்சின்னமாக அறிவித்தது. இப்போது ஒக்டோபர் மாதத்தில் ஊரவர்களே இஸ்லாமியப் பண்பாட்டு விழா நடத்துகிறார்கள்.

ஐவேளை பாங்கு ஒலிக்காத ஊர் அந்தச் சுவர்களைக் காத்து வைத்திருக்கிறது. தொழ ஆளுள்ள நாமோ, இடம் போதாது என்று பழைய பள்ளிகளை அடியோடு உடைக்கிறோம். அதற்கு முன் ஒருதரம் யோசிப்போம். ஒரு தூணையாவது, மிஹ்ராபையாவது நம் பிள்ளைகளுக்கு விட்டுவைப்போம்.