பெர்த்துக்கு அடியில் ஓடும் 1890

ஸ்லீப்பர் கோச்ல லோயர் பெர்த்துக்கு அடியில ஒரு வளையம் இருக்கும், கவனிச்சிருக்கீங்களா? பெட்டியைச் சங்கிலி போட்டுக் கட்டுறதுக்கு. சங்கிலியும் பூட்டும் நம்மளோடது. ரயில்வே கொடுக்கிறது வளையம் மட்டும்தான். ஏன் இப்படின்னு தேடினா, கதை பிரிட்டிஷ் காலத்துக்குப் போகுது.

1890-ஆம் வருஷ இந்திய ரயில்வே சட்டத்தோட 74-ஆவது பிரிவு சொன்னது இதுதான்: ரயில்வே ஊழியர் லக்கேஜைப் பதிவு பண்ணி ரசீது கொடுத்திருந்தால் ஒழிய, அது தொலைஞ்சா நிர்வாகம் பொறுப்பில்லை. அன்னிக்கு இதுல ஓரளவு நியாயம் இருந்துச்சுன்னுதான் எனக்குத் தோணுது. பெரிய டிரங்குப் பெட்டியை பிரேக் வேன்ல ஏத்திட்டு, கைச்சாமானோட உட்கார்ந்து போகலாம். சாதாரண ஜனங்க போன மூணாம் வகுப்புல படுக்கிற வசதி வந்ததே சுதந்திரத்துக்கு அப்புறம்தான்.

1974-ல மூணாம் வகுப்பு ஒழிஞ்சுது. 1977-ல ரயில்வே அமைச்சரான மது தண்டவதே காலத்துல, இரண்டாம் வகுப்பு மரப்பலகை மேல ஃபோம் மெத்தை வந்துச்சு. ஜனங்க நிம்மதியா தூங்க ஆரம்பிச்சாங்க. சட்டம் மட்டும் நாம ராத்திரி பூரா முழிச்சுக் காவல் காக்கணும்னே நினைச்சுக்கிட்டு இருந்துச்சு!

1989-ல புதுச் சட்டம். அதோட 100-ஆவது பிரிவைப் படிச்சா, எங்க ஆபீஸ்ல யாரும் தொடப் பயப்படுற லெகசி கோட் ஞாபகம் வருது. அதே ரசீது நிபந்தனை அப்படியே இருக்கு. கூட எடுத்துட்டுப் போற பெட்டி காணாமப் போனா, ரயில்வேயோட கவனக்குறைவை நிரூபிக்கணும். ராத்திரி ரெண்டு மணிக்குத் தூக்கத்துல இருந்தவர் எதை வெச்சு நிரூபிப்பார்?

2005-ல காசி விஸ்வநாத் எக்ஸ்பிரஸ்ல போன ஒரு வியாபாரி, இடுப்பு பெல்ட்ல வெச்சிருந்த ஒரு லட்ச ரூபாய் திருடு போச்சுன்னு வழக்குப் போட்டார். மாவட்டம், மாநிலம், தேசியம்னு மூணு நுகர்வோர் மன்றத்துலயும் ஜெயிச்சார். 2023 ஜூன்ல உச்ச நீதிமன்றம் அதை ரத்து பண்ணிடுச்சு: பயணி தன் பொருளைத் தானே பாதுகாக்கலைன்னா, ரயில்வே மேல சேவைக் குறைபாடு சொல்ல முடியாது. பதினெட்டு வருஷம் அலைஞ்சதுக்குக் கிடைச்ச பதில் இது.

சரி, ரசீது வாங்கிட்டா? இன்னிக்கும் வழி இருக்கு. ரயில் கிளம்ப அரை மணி நேரத்துக்கு முன்னாடியே லக்கேஜ் ஆபீஸ்ல பெட்டியைக் கொடுத்து புக் பண்ணலாம். தொலைஞ்சா அதிகபட்ச நஷ்ட ஈடு கிலோவுக்கு 100 ரூபாய். அதுக்கு மேல வேணும்னா, பெட்டியோட மதிப்பை முன்கூட்டியே எழுதிக் கொடுத்து, தனியா கட்டணம் கட்டணும்.